பாண் வாசம் வந்த சீமெந்து

எங்கள் கோவில் பங்கின் திருநாள் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுத் தம்பிமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணை, நீங்கள் சீமெந்து வேலையில இருந்தனீங்கள்தானே, அந்த அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்றார்கள். எழுதத் தொடங்குமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். நான் மேசன் அல்ல. பங்கில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பக்கம் புதிதாக வீடு வாங்கிய யாராவது ஒருவர் பூசை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிடுவார். பேஸ்மென்ட் சுவர் வெடித்துப்போச்சு, வாசற்படி பெயர்ந்துபோச்சு, ஒருக்கால் வந்து பாருங்கோ என்பார். நானும் போய்ப் பார்ப்பேன். சாந்தகப்பையை எந்தக் கையால் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. தேத்தண்ணியும் வடையும் முடிந்ததும், இதுக்கு ஆளைப் பிடிக்கத்தான் வேணும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவேன். கையைக் காலை ஆட்டாமல் வடை தின்னுகிற ஒரே மேசன் நான்தான் என்று என் மனைவி றோசலின் சொல்லிச் சிரிப்பாள்.

என்னுடைய உண்மையான வேலை, சீமெந்தைச் சந்தேகப்படுவது. சென்ட் லோரன்ட்டில் விமானச் சாமான் செய்கிற ஆலைக்கும் ஒரு மருந்துக் களஞ்சியத்துக்கும் நடுவில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. வெளியில் நின்று பார்த்தால் பல்வைத்தியரின் இடம் என்று நினைப்பீர்கள். உள்ளே கரீபியன் தீவுகளிலிருந்து தகரப் பேணி பேணியாகச் சீமெந்தும், சுண்ணாம்பும், சூளையிலிருந்து வரும் கருங்கட்டிகளும் வந்து குவியும். அந்தத் தீவுகளின் பழைய சூளைகள் பலவற்றைக் கட்டிக் கொடுத்தது எங்கள் கம்பனியின் முன்னோர்கள். சூளை கட்டியவர்களே சோதித்தும் தரட்டும் என்று தீவுக்காரர் எங்களுக்கே மாதிரி அனுப்பி வந்தார்கள். ஆகவே நான் கரீபியனை அறிந்தது தூளாகத்தான். எந்தத் தீவின் சுண்ணாம்பு சீனி ஆலைக்குப் போவது, எது குடிதண்ணீர் சுத்தம் செய்யப் போவது என்று நிறத்தைப் பார்த்தே சொல்வேன். அந்தக் கடற்கரைகளில் ஒன்றையாவது கண்டிருக்கிறேனா என்று கேட்காதீர்கள். கடல் பார்க்கும் காலமெல்லாம் இங்கே ஸ்நோ தள்ளிக்கொண்டிருந்தேன்.

தொழில் பழகியது ஊரில், காங்கேசன்துறையில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சீமெந்து ஆலை ஆய்வுகூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பிறகு சண்டை, ஓட்டம், கொழும்பு, மொன்றியல். இங்கே வந்து கொஞ்சக்காலம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதையெல்லாம் எழுதினால் மலர் தாங்காது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு இந்த ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. பழைய தொழில் கையில் அப்படியே இருந்தது. பிரெஞ்சு மட்டும்தான் இல்லை.

என் மேலதிகாரி மதாம் லூசியேன். கட்டையாக வெட்டிய நரைமயிர், இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு, மூக்கின் நுனியில் கண்ணாடி. எங்கள் எல்லோரையும் பிரெஞ்சு வழக்கப்படி மொசியே போட்டுத்தான் கூப்பிடுவார். நான் மொசியே அந்தோனி. அவருக்கு முன்னால் "நான் நினைக்கிறன்" என்று வாய் திறந்தால் போதும், கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். நினைத்து முடித்து, பார்த்து முடித்து, பிறகு வரச் சொல்வார். ஆய்வுகூடத்துக்குள் வாசனைத் தைலம் பூசி வரக்கூடாது. கலியாண வீட்டிலிருந்து நேராக வேலைக்கு வந்த என்னை ஒருநாள் முகம் கழுவ அனுப்பியிருக்கிறார். தூர தேசத்து ஆலைகளுக்கு அவர் அனுப்பும் செய்திகள் தந்திமாதிரி இருக்கும். நல்வாழ்த்தும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதில்லை. திமிர் என்று முதலில் நினைத்தேன். பிழை விடாத மனுசிக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை என்று பிறகு விளங்கியது.

ஒரு கோப்பைச் சீமெந்தைத் தண்ணீரில் குழைப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். மதாமிடம் கேட்டிருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டீர்கள். முதலில் கிண்ணத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அது நனைந்திருக்கவும் கூடாது, காய்ந்திருக்கவும் கூடாது. தண்ணீரை ஊற்றி, அதன்மேல் சீமெந்தைக் கொட்டி, அது தண்ணீரைத் தானாகக் குடிக்கும்வரை கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லோரும் பிழை விடுவது இந்த இடத்தில்தான். அவசரப்பட்டு இயந்திரத்தைப் போட்டுவிடுவார்கள். குடித்து முடிந்தபிறகு மெதுவாக ஒரு சுற்று, கிண்ணத்தின் விளிம்பை வழித்துவிட்டு வேகமாக ஒரு சுற்று. குழைந்ததைக் கையுறை போட்ட கையால் உருட்டி, வளையத்துக்குள் நிரப்பி, மேலே வழித்துச் சமப்படுத்தி, இரும்புக் கம்பி ஒன்றை அதன் முகத்தில் தொட வைத்து விட்டுவிட வேண்டும். கம்பி தன் பாரத்தில் இறங்கும். எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான் சீமெந்து சொல்லும் பதில். சற்றுப் பொறுத்து வேறோர் இடத்தில் திரும்ப இறக்க வேண்டும். நல்ல சீமெந்தென்றால் இரண்டாந்தரமும் கிட்டத்தட்ட அதே ஆழம் போகும்.

நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, ஒரு தவக்காலத்தில் வந்த பேணியில் கம்பி அப்படிப் போகவில்லை.

தீவின் பெயர் வேண்டாம். சின்னத் தீவு, ஒரே ஒரு சீமெந்து ஆலை. அங்கே புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ச் சீமெந்து எங்கள் சோதனையில் தேறினால்தான் அதற்குப் பாவிக்கலாம் என்பது கட்டுபவர்களோடு செய்த ஒப்பந்தம். தேறாவிட்டால் வெளிநாட்டுச் சீமெந்து கப்பலில் வந்து இறங்கும். நான் குழைத்தேன். முதற்தரம் கம்பி வடிவாக இறங்கியது. இரண்டாந்தரம் மேலேயே நின்றுவிட்டது, இறங்கமாட்டேன் என்று. தண்ணீர் ஒரு துளியும் சேர்க்காமல் திரும்பக் குழைத்தேன். பழையபடி இளகிவிட்டது.

இதைப் பொய் இறுக்கம் என்று சொல்வோம். சீமெந்தை அரைக்கும்போது கூடவே கொஞ்சம் ஜிப்சம் என்ற கல்லையும் போடுவார்கள், சாந்து உடனே இறுகாமல் இருப்பதற்காக. அரைக்கும் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஜிப்சம் தனக்குள் இருந்த நீரை இழந்துவிடும். பிறகு தண்ணீரைக் கண்டதும் ஆலாய்ப் பறந்து குடித்து, சாந்தை வாளியிலேயே விறைக்கப் பண்ணிவிடும். மேசன் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். சுவர் பலமிழந்துவிடும். ஆஸ்பத்திரிச் சுவருக்கு அது நல்லதல்ல.

அந்த ஆலையின் இரசாயனர் டெஸ்மண்ட் என்பவர். கிழமைக்கொருதரம் தொலைபேசியில் பேசுவோம். சந்தித்ததேயில்லை, ஆனால் அவருடைய மகளின் பரீட்சை முடிவுவரை எனக்குத் தெரியும். அவர் பேசுவது தீவு ஆங்கிலம், நான் பேசுவது யாழ்ப்பாண ஆங்கிலம். என் காதில் விழுந்தமாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைச் சொன்னதும் மனுசன் பெருமூச்சு விட்டார். அரைக்கும் இயந்திரம் சூடேறவில்லை, தானே நின்று பார்த்ததாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அன்ரனி, எங்கட மனேஜர் சொல்லிப்போட்டார். உங்கட சோதனையில தேறேல்லை எண்டு முடிவு வந்தால் ஒராள் வீட்டை போகவேணுமாம். ஆர் எண்டுதான் இன்னும் முடிவெடுக்கேல்லை."

அன்று வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளியென்றால் நான் மத்தியானம்வரை வெறும் தண்ணீர்தான். சோதனையைத் திரும்பச் செய்வதற்காக அதே ஆலையின் இரண்டாவது பேணியைத் திறந்தேன். மூக்கில் கறுவாப்பட்டை வாசம் அடித்தது. கறுவாவோடு சேர்த்து வெண்ணெயும், அப்போதுதான் போறணை அடுப்பில் சுட்டு இறக்கிய பாணும். பேணியை மூடினேன். ஆண்டவர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து திரும்பத் திறந்தேன். அதே வாசம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், மூக்கும் அந்தப் பத்தில் ஒன்றோ என்று யோசித்தேன். "நான் நினைக்கிறன்" என்று மதாமிடம் போகவும் பயம். கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் பேணியைக் கொண்டுபோய் அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினேன்.

மதாம் கண்ணை மூடி மணந்தார். இன்னொருதரம் மணந்தார். "கறுவா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, இது சீமெந்தா, இனிப்புப் பணிஸ் பாணா என்று கேட்டார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

டெஸ்மண்டைக் கூப்பிட்டோம். மதாமும் கேட்கட்டும் என்று தொலைபேசிச் சத்தத்தை வெளியே விட்டேன். மாதிரியெல்லாம் முறைப்படிதான் எடுக்கிறோம் என்று டெஸ்மண்ட் சத்தியம் பண்ணினார். எடுத்ததை ஆர் பேணியில் அடைப்பது என்று கேட்டேன். மிஸ் ஐவி என்றார். டெஸ்மண்ட் அந்த ஆலைக்கு வருமுன்னரே மாதிரி அறைக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணாம், அவருடைய வேலையில் ஒரு குறை சொல்ல முடியாதாம். ஒருக்கால் அவரோடு கதைக்க விடுங்கோ என்றேன்.

ஐவியின் குரல் நல்ல கணீரென்ற குரல். என்னைத் தெரியாமலே ராசா என்றார். ஓம், மொன்றியலுக்குப் போகிற பேணியைத் தான்தான் கட்டுவதாகச் சொன்னார். கட்டுமுன் அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவருக்குப் பெருமையாய் இருந்தது.

"காயவைப்பன் ராசா. காலமை சாப்பாட்டறையில பணிஸ் வெந்தாப்பிறகு போறணை சூடாய் இருக்கும். அந்தத் தட்டிலயே பரவி உள்ளுக்குத் தள்ளிவிடுவன். எங்கட ஆலைச் சோதினைக்குச் சும்மா அள்ளித்தான் குடுக்கிறது. வெளியில போறதை மட்டும் வடிவாய் அனுப்பவேணும்தானே."

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "நீங்கள்தானே காய்ஞ்சதாய் அனுப்பச் சொன்னனீங்கள்."

மதாம் கோட்டுப் பையிலிருந்த பேனையை எடுத்தார், திரும்ப வைத்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க மனமில்லை. முந்தின மழைக்காலத்தில் அந்த ஆலைப் பேணி ஈரத்தில் கட்டிபட்டு வந்திருந்தது. அதை எறிந்துவிட்டு, காய்ந்த மாதிரி மட்டுமே ஏற்கப்படும் என்று மதாம் தன் வழக்கப்படி ஒரு வரி அனுப்பியிருந்தார். ஈரம் படாத புதுச் சீமெந்தை அடைத்து இறுக்கி மூடி அனுப்புங்கள் என்பது அதன் கருத்து. எங்களுக்கு அது விளங்கும். ஐவிக்கு அந்த வரி மட்டும்தான் போனது. நல்ல மனுசி, சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்.

போறணையில் வைத்தால் என்ன குற்றம் என்று ஐவி கேட்டார். எனக்கு எங்கள் வீட்டுக் குசினிதான் நினைவுக்கு வந்தது. புட்டுக்கு நாங்கள் கோதுமை மாவை அவித்துத்தான் எடுப்போம், பச்சை மாவில் தண்ணீர் விட்டால் களியாகிவிடும், அவித்த மாவென்றால் உதிரியாய் வரும், மா ஒன்றுதான், சூடு பட்டதும் தண்ணீரோடு அதன் குணம் மாறிவிடும் என்று சொன்னேன். அப்படியென்றால் தான் சீமெந்தை அவித்துப்போட்டேனோ என்றார். கிட்டத்தட்ட என்றேன். அவர் சிரித்தார். டெஸ்மண்டும் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை.

பிரச்சினை முடிந்தது என்று எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை. மதாம் என்னை உட்கார வைத்தார். அந்தப் பெண் சொல்வது உண்மையாக இருக்கலாம், இயந்திரம் சூடேறியதும் உண்மையாக இருக்கலாம், போறணைச் சூடும் இயந்திரச் சூடும் ஜிப்சத்துக்கு ஒன்றுதான், கம்பி இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் நிற்கும் என்றார். சோதனையில் தவறிய ஆலையெல்லாம் மாதிரியில் பிழை, இன்னொன்று அனுப்புகிறோம் என்றுதான் சொல்லும். ஆகவே ஆலையிடமிருந்து புது மாதிரி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் றோசலினிடம் மதாமைத் திட்டித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் அந்த ஆஸ்பத்திரியில படுக்கிற ஆளெண்டால் என்ன சொல்லுவியள்?" என்றாள்.

மதாம் செய்தது இதுதான். ஆஸ்பத்திரி கட்டுபவர்களின் களஞ்சியத்தில் அதே அரைப்பில் வந்த மூட்டைகள் ஏற்கெனவே இறங்கிக் கிடந்தன. அவர்களுடைய எஞ்சினியரையே, ஆலைக்குச் சொல்லாமல் ஒரு மூட்டையை உடைத்து, அள்ளி, அடைத்து விமானத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். இந்தமுறை செய்தி ஒரு பக்கத்துக்குமேல் போனது. பேணி எது, மூடி எது, எவ்வளவு ஆழத்திலிருந்து அள்ளுவது, சூடு காட்டக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது என்று ஒன்றுவிடாமல் எழுதினார்.

பேணி வந்ததும் நான் குழைத்தேன். மதாம் எனக்குப் பின்னால் நின்றார். ஊரிலும் இங்கேயுமாக எத்தனையோ ஆயிரம்தரம் செய்த வேலை, அன்றைக்குக் கிண்ணத்தை இரண்டுதரம் துடைத்தேன். முதற்தரம் கம்பி இறங்கியது. அது எப்போதும் இறங்கும். பொறுத்திருந்து இரண்டாந்தரம் விட்டேன். கம்பி தொட்டது, ஒரு கணம் யோசித்தமாதிரி இருந்தது, பிறகு ஆழமாகப் போய் நின்றது. நான் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். மதாம் அளவைப் பார்த்து எழுதிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

ஆலை தப்பியது. ஆனால் ஒராளை வீட்டுக்கு அனுப்புவதென்று வாயால் சொன்ன மனேஜருக்கு ஒராள் தேவைப்பட்டது. மறுநாள் டெஸ்மண்ட் தொலைபேசி எடுத்தபோது குரல் செத்திருந்தது. பணிஸ் தட்டில் சீமெந்தை வாட்டி ஆலையின் மானத்தைக் கப்பலேற்றியதாக ஐவிமேல் பழி விழுந்துவிட்டதாம். மத்தியானத்துக்குப்பிறகு அவரை மனேஜரின் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். எங்கள் முடிவின் முதல் பக்கத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார்.

அதற்குள் எங்கள் மாடியிலும் அதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாதிரி எடுத்த ஊழியரின் தவறு என்று எழுதினால் போதும் என்பது எங்கள் டிரெக்டரின் விருப்பம். ஆய்வுகூடத்தின் பெயர் கெடாது, வாடிக்கையாளரும் கேள்வி கேட்க மாட்டார். அவர் கீழே இறங்கி வந்து, கண்ணாடி அறைக்குள் மதாமோடு நெடுநேரம் கதைத்தார். வெளியே எங்களுக்குக் கைகள் ஆடுவது மட்டும் தெரிந்தது. ஆடியதெல்லாம் அவருடைய கைகள். மதாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சீமெந்து தண்ணீர் குடிக்கும்வரை நிற்பதுபோல. டெஸ்மண்ட் சொன்னதை நான் உள்ளே போய் அவர்களுக்கு முன்னாலேயே சொன்னேன். என் பிரெஞ்சு அன்றைக்குக் கால் தடக்கியது. விழாமல் சொல்லி முடித்தேன்.

டிரெக்டர் போனபிறகு மதாம் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆலையின் எண்ணை அழுத்தச் சொன்னார். மிஸ் ஐவிதான் வேண்டுமாம். மதாமுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அதனாலேயே தீவுக்காரரோடு பேசும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். அன்றைக்கு என்னிடம் விடவில்லை. டெஸ்மண்ட் ஓடிப்போய் மனேஜரின் அறையில் ஐவியைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியைக் கொடுத்தார். மதாம் எழுந்து நின்றுகொண்டு பேசினார்.

"மதாம் ஐவி, நான் லூசியேன். காயவைச்சு அனுப்பச் சொன்னது நான். சீமெந்தைக் காயவைக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கு நான் சொல்லேல்லை. பிழை என்ரை. முதல் பக்கத்தில என்ரை பெயரைப் போட்டு அப்பிடித்தான் எழுதியிருக்கிறன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இவ்வளவு பெரிய மனுசியை இவ்வளவு காலமும் கல்லென்று நினைத்திருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுமுனையில் ஐவி மெதுவாகச் சொன்னார். "நல்லது பிள்ளை. இதை மனேஜரிட்டையும் ஒருக்கால் சொல்லுங்கோ. அவர் எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறார்."

"குடுங்கோ அவரிட்டை" என்றார் மதாம்.

மனேஜரிடமும் அதையே சொன்னார், ஒரு சொல் குறைக்காமல், ஒரு சொல் கூட்டாமல். மனேஜர் ஏதோ நீளமாகப் பேசத் தொடங்கினார். மதாம் முழுவதையும் கேட்டுவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து அதே வசனங்களைச் சொன்னார். மூன்றாந்தரமும் சொல்ல ஆயத்தமாகத்தான் நின்றார், முகத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் தொலைபேசி கைமாறும் சத்தம் கேட்டது. வந்தது ஐவியின் குரல்.

"அப்ப நாளைக்கு எடுக்கிற சாம்பிளை எப்பிடி அனுப்ப?" என்று கேட்டார்.

"எடுத்தபடியே" என்றார் மதாம்.